மடிக்கும் இருக்கைக்கும் இடையே

போர்ட் பிளேரில் வாழும் ஓர் ஆய்வு மாணவிக்குச் சென்னையில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஜனவரி 9 என்று துறையிலிருந்து தகவல் வந்ததும், நவம்பர் இறுதியிலேயே விமானச் சீட்டு எடுத்துவிட்டார். 7ஆம் தேதி போக, 12ஆம் தேதி திரும்ப. பெரியவர் ஒருவர், கைக்குழந்தை ஒன்று. மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். இன்னும் பால்குடி மறவாத பிள்ளை. கணவருக்குக் கேம்ப்பெல் பேயில் பணி. கிரேட் நிக்கோபாரின் அந்தக் கோடியிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து சேர்வதே கப்பல் புறப்படும் நாளையும் ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பதையும் பொறுத்தது. ஆகவே குழந்தையை விட்டுச் செல்ல ஆளில்லை. உடன் அழைத்துச் செல்வது ஒன்றே வழி.

முன்பதிவுப் பக்கத்தில் முதல் இடர்ப்பாடு பெயரில் தொடங்கியது. படிவத்தில் கடைசிப் பெயர் என்றொரு கட்டம் கட்டாயம். தமிழர்க்குத் தலைப்பெழுத்து உண்டு. கடைசிப் பெயர் இல்லை. தாய் தன் தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் இட்டார். மகளுக்கு மகளின் தந்தை பெயரை இட்டார். ஒரே மடியில் பயணம் செய்யப்போகும் இருவர், அந்தப் படிவத்தின் பார்வையில் உறவற்ற இருவராகிவிட்டனர். உறவை நிறுவுவது பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று அன்றிரவே எடுத்துப் பார்த்துக்கொண்டார். பெயரிடுவதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு பெயரைச் சேர்க்க மறந்துவிடும் குடும்பங்கள் பல. விமான நிலைய முகப்பில் நிற்கும்போதுதான் அந்த மறதி நினைவுக்கு வரும். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான நீல நிற ஆதார் அட்டையும் பிறந்த தேதியைக் காட்டும். அவர் இரண்டையும் நகலெடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்து இருக்கை. கைக்குழந்தைக்கு இருக்கை இல்லை; ஆனாலும் கைக்குழந்தையோடு வருபவர் எந்த இருக்கையிலும் அமர்ந்துவிட முடியாது. அவசர வழியை ஒட்டிய வரிசைகள் விலக்கு. அவர் விரும்பிய சன்னலோர இருக்கையையும் பக்கம் ஏற்க மறுத்தது. காரணம் எளிது: ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் மூன்று இருக்கைகளின் தலைக்கு மேல் பொதுவாக நான்கு பிராணவாயு முகமூடிகள் இருக்கும். நான்காவது, மடியில் இருக்கும் குழந்தைக்கானது. ஒரு தொகுதியில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் இடம். அந்த மூன்றில் ஒன்றை வேறொரு தாய் முன்பே பதிவு செய்திருந்தார்.

இவ்வளவும் முடிந்தபின் மகளுக்கான தொகை ஓராயிரத்துச் சொச்சம். விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கிடையாது. ஆய்வு உதவித்தொகை நின்று ஓராண்டு கடந்த குடும்பத்துக்கு இந்தச் சலுகை சிறிதன்று.

டிசம்பர் கடைசி வாரத்தில் நெறியாளர் தொலைபேசியில் அழைத்தார். புறத்தேர்வாளருக்கு அந்த நாள் ஒத்துவரவில்லை. தேர்வு ஜனவரி 21க்கு மாறுகிறது. மாணவி உடனே ஒப்புக்கொண்டார். அழைப்பைத் துண்டித்த பிறகுதான் நாள்காட்டி நினைவுக்கு வந்தது. மகளின் இரண்டாம் பிறந்தநாள் ஜனவரி 20. போகும் நாள் 18, திரும்பும் நாள் 23. போகும்போது மகள் கைக்குழந்தை, திரும்பும்போது அல்ல.

இந்திய விமானங்களில் மட்டுமன்று, உலகெங்கும் வழக்கம் இதுதான். இரண்டு வயது நிறையாத குழந்தை பெரியவர் மடியில் பயணம் செய்யலாம். நிறைந்துவிட்டால் தனி இருக்கை, தனிச் சீட்டு. வயது கணக்கிடப்படுவது பதிவு செய்த நாளைக் கொண்டன்று, பறக்கும் நாளைக் கொண்டு. போகவும் வரவும் சேர்த்து எடுத்த சீட்டில் நடுவே பிறந்தநாள் வந்தால், ஒரே குழந்தை ஒரே பயணத்தில் இரண்டு இனத்தவர் ஆகிறது. அந்த முன்பதிவுப் பக்கம் இதை அறிந்திருந்தது. ஆனால் அதற்கு வழி சொல்ல அறியவில்லை. தாயின் சீட்டை 23ஆம் தேதிக்கு மாற்றலாம் என்றது. மகளின் சீட்டை மாற்ற முயன்றபோது வயது தகுதியில்லை என்று நின்றுவிட்டது. மகளுக்கு மட்டும் தனியே ஒரு சீட்டு எடுக்க முயன்றால், பெரியவர் துணையின்றிக் குழந்தைக்குப் பதிவு இல்லை என்றது. தாய் அதே விமானத்தில் இருக்கிறார் என்பதை அந்தப் பக்கத்துக்குச் சொல்ல ஒரு கட்டமும் இல்லை.

மறுநாள் அபர்தீன் பஜாரில் உள்ள பயணச்சீட்டு முகவரிடம் சென்றார். ராமநாதபுரத்துப் பூர்வீகம் கொண்ட முதியவர். முப்பது ஆண்டுகளாக இதே வேலை. தாளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“போறப்ப கைக்குழந்தை, வர்றப்ப பெரிய மனுஷி. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா அவிழாதும்மா. பிரிச்சுப் போடணும்.”

“பிரிச்சா எவ்வளவு அண்ணே ஆகும்?”

“திரும்பி வர்ற சீட்டை ரத்து பண்ணிட்டு, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் புதுசா ஒரே பிஎன்ஆர்ல எடுத்திரலாம். தனித்தனி எண் மட்டும் வேண்டாம். பிள்ளை ஒரு மூலை, நீங்க ஒரு மூலைன்னு ஆயிரும்.”

முதியவர் சொன்னதில் சட்ட நுட்பம் ஒன்று அடங்கியிருந்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகிலாவது இருக்கை ஒதுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பாதுகாப்பு ஒரே பிஎன்ஆரில் பயணம் செய்வோருக்கானது. மடியில் இருக்கும்வரை குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க எந்தக் கணினியாலும் முடியாது. இருக்கை பெற்ற நாளிலிருந்து அதற்கு ஒரு சுற்றறிக்கை தேவைப்படுகிறது.

ஜனவரி, தீவுகளில் சுற்றுலாப் பருவம். மகளின் திரும்பும் சீட்டு விலை தாயின் சீட்டு விலையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. விவரத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்: மூன்று நாள் வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பிள்ளை ஒல்லிதான். சான்றிதழைக் கேட்டால் வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லலாம். அக்காவின் பேரனை அப்படித்தான் அழைத்து வந்தார்களாம்.

அந்த யோசனை மாணவியை ஓரிரவு முழுவதும் தூங்கவிடவில்லை. ஒழுக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. அவரது ஆய்வேடு கச்சல் தீவின் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரில் சிலர் கச்சலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதிய ஒப்பந்தம் அது. தாளில் எழுதப்படும் ஒரு தேதியும் ஒரு வகைப்பாடும் மனிதர்களை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதையே அவர் ஐந்தாறு ஆண்டுகள் படித்திருந்தார். இப்போது அவர் வீட்டிலேயே ஒரு தேதி வந்து அமர்ந்திருந்தது. அதை மறைத்தால் என்ன மிச்சமாகும் என்ற கணக்கு எளிதாக முடிந்தது. மறைத்தால் மகள் எங்கே உட்காருவாள் என்ற கேள்வி முடியவில்லை. மடியில்தான். அப்படியானால் மடி என்பது என்ன?

இந்த இடத்தில்தான் ஓர் ஆய்வாளரின் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது, படிக்கத் தொடங்கினார்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டி நகரில் யுனைட்டட் 232 என்ற விமானம் கட்டுப்பாடு இழந்து தரையில் மோதியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி, மோதலுக்கு முன் அவர்களைக் கால்மாட்டில் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்லப்பட்டது. நால்வரில் ஒரு குழந்தை இறந்தது. அந்த அறிவுரையை வழங்கிய தலைமைப் பணிப்பெண் அதன் பிறகு பல்லாண்டுகள், கைக்குழந்தைக்கும் இருக்கையும் கட்டும் வேண்டும் என்று வாதாடினார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே பரிந்துரைத்தது.

இயற்பியல் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இன்றைய விமான இருக்கைகள் புவியீர்ப்பைப் போல் பதினாறு மடங்கு விசையைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. அந்த விசையில் பதினோரு கிலோ குழந்தை 176 கிலோ எடையாகத் தாயின் கையை இழுக்கும். எந்தத் தாயின் பிடியும் அதைத் தாங்காது. தாயின் இடைவாரில் கோத்துக் குழந்தையின் வயிற்றில் பூட்டும் சிறு வார் ஒன்று உண்டு; இந்திய விமானங்களில் பணிப்பெண்கள் கொண்டுவந்து தருவது அதுதான். ஐரோப்பா அத்தகைய கட்டு வேண்டும் என்கிறது. அமெரிக்காவோ, முன்னால் சாயும் பெரியவரின் உடல் குழந்தையை நசுக்கும் என்று சொல்லி, புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அதைத் தடை செய்திருக்கிறது. ஒரே மடியைப் பற்றி இரு கண்டங்களின் சட்டங்கள் எதிரெதிராகப் பேசுகின்றன.

அவ்வளவு தெரிந்தும் அமெரிக்க அரசு ஏன் இருக்கையைக் கட்டாயமாக்கவில்லை? 1995இல் அந்நாட்டு விமான நிர்வாகம் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் விடை இருக்கிறது. குழந்தைக்கும் முழுச் சீட்டு என்றால் குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும். சாலை விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆகவே கட்டாயமாக்கினால் காப்பாற்றப்படும் உயிர்களைவிடச் சாலையில் இழக்கப்படும் உயிர்களே மிகுதி. 2005இலும் அதே காரணத்தால் கட்டாயமாக்கும் யோசனை கைவிடப்பட்டது.

வலுவான வாதம். ஆனால் அதன் அடியில் ஒரு சாலை ஓடுகிறது. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குச் சாலை இல்லை. இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். மாற்று வழி ஒன்றுதான்: மாதத்தில் சில முறை மட்டும் புறப்பட்டு, ஏறத்தாழ மூன்று நாளில் சேரும் கப்பல். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கைக்குழந்தையோடு அதில் சென்றவர்களைக் கேட்டால் அந்த மூன்று நாளின் நீளம் தெரியும். தீவுகளிலிருந்து தலைநிலத்துக்குப் பறப்பவர் அனைவரும் உல்லாசப் பயணிகள் அல்லர். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, தாத்தாவின் இறுதிச் சடங்குக்கு விரையும் குடும்பம், தேர்வுக்குச் செல்லும் தாய் ஆகியோருக்கு இரண்டு மணி நேரத்தைச் சற்றே கடக்கும் அந்த விமானமே சாலை. உலகுக்கு விதியை வகுத்த வாதம் இத்தீவுகளின் கரையில் வந்து நின்றுவிடுகிறது. இங்கே அதற்கு ஏறி ஓட வண்டியில்லை.

இதன் பொருள் நாளையே கைக்குழந்தைகளுக்கு முழுச் சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதன்று. அப்படிச் செய்தால் பல தீவுக் குடும்பங்கள் போகவேண்டிய இடத்துக்குப் போகாமலே இருந்துவிடும். தீவுவாசிகளுக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு. தீவுகளிடையே பறக்கும் ஹெலிகாப்டருக்கு அரசு மானியம் உண்டு. தலைநிலத்துக்கான விமானக் கட்டணமோ 1994க்குப் பிறகு நிறுவனங்களே முடிவு செய்வது. அந்த இடைவெளியில்தான் கைக்குழந்தை மடியில் வைக்கப்படுகிறது. அதைப் பாதுகாப்பு முடிவாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது விலை முடிவு. மலிவானதை அன்பு என்ற பெயரில் ஏற்றுக்கொள்வது எளிது. ஏனெனில் மடி உண்மையிலேயே அன்பின் இடம்.

விமானத் துறையின் எண்ணும் முறையே இதைக் காட்டிவிடும். 2020 ஆகஸ்ட் 7இல் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 உயிர்களைப் பலிகொண்ட விமானத்தில் 174 பயணிகளும் 10 கைக்குழந்தைகளும் இருந்ததாகச் செய்திகள் எழுதின. பயணிகள் ஒரு தொகை, குழந்தைகள் வேறொரு தொகை. இருக்கை இல்லாதவர் பயணி என்ற சொல்லுக்குள்ளும் இல்லை.

மறுநாள் காலை மாணவி கேம்ப்பெல் பேயிலிருந்த கணவரை அழைத்தார்.

“என்னங்க, வர்றப்ப பாப்பாவுக்குத் தனிச் சீட்டே எடுத்திருறேன். போறப்பவும் கேட்டுப் பார்க்கவா?”

“கேளு. பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம். பரீட்சையை முடிச்சிட்டு ரெண்டு பேரும் பத்திரமா வாங்க.”

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு விரும்பி இருக்கை வாங்க முடியுமா என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று விடைகளும் ஒத்துப்போகவில்லை. ஒன்று முடியும் என்றது. ஒன்று முடியாது என்றது. ஒன்று கட்டும் இருக்கையை நீங்களே கொண்டுவர வேண்டும் என்றது. அப்படிப்பட்ட இருக்கையைத் தேடிப் பஜாரில் இரண்டு கடை ஏறி இறங்கியதோடு நாள் நெருங்கிவிட்டது. 18ஆம் தேதி மகள் மடியிலேயே போனாள். பணிப்பெண் சிறு வாரையும் குழந்தைக்கான உயிர்காப்பு மேலங்கியையும் கொண்டுவந்து கொடுத்தார். புறப்படும்போது காதடைக்காமலிருக்கப் பாலூட்டினார் தாய். குழந்தை உறங்கிவிட்டாள். இரண்டு மணி நேரமும் தாயின் இரு கைகளும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருந்தன. முன்பெல்லாம் அந்தப் பிடியில் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

20ஆம் தேதி செங்கல்பட்டில் பாட்டி வீட்டில் பாயசம். 21ஆம் தேதி தேர்வு. ஒப்பந்தத்தில் எண்களாக வந்தவர்களை ஆய்வேடு மனிதர்களாகக் காட்டுகிறது என்று புறத்தேர்வாளர் பாராட்டினார். அவையின் பின்வரிசையில் பாட்டியின் தோளில் இருந்த குழந்தை நடுவில் ஒரு முறை “அம்மா” என்று உரக்க அழைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அது அந்தத் துறையின் பெருந்தன்மை. பெருந்தன்மை விதியாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகள் பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பை அனுமதிக்கின்றன. காலத்துக்கு விடை கிடைத்திருக்கிறது, தூரத்துக்கு இல்லை. தேர்வாளரின் பயணச் செலவைப் பல்கலைக்கழகம் தருகிறது. தேர்வு நாள் மாறியதால் மாணவிக்கு நேர்ந்த செலவு மாணவியுடையது.

23ஆம் தேதி மகளின் கையில் அவள் பெயர் அச்சிட்ட சீட்டு இருந்தது. அதில் ஓர் இருக்கை எண் இருந்தது. சன்னலோரம் குழந்தை, நடுவில் தாய். வாரைப் பூட்டியதும் குழந்தை மடிக்கு வரவேண்டும் என்று அழுதாள். பணிப்பெண் கனிவாகவும் உறுதியாகவும் மறுத்தார். பெரியவர்களுக்கென்று அமைந்த வார் அந்தச் சிறு இடைக்கு முழுப் பொருத்தம் இல்லை. பதினெட்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனிக் கட்டு வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைப்பதும் அதனால்தான். இருந்தாலும் அது விமானத்தோடு பிணைந்த வார். அழுகை ஓயும்வரை தாய் தன் உள்ளங்கையைக் குழந்தையின் வயிற்றின்மேல் வைத்திருந்தார்.

போர்ட் பிளேரில் சக்கரங்கள் தரையைத் தொட்டுப் பிரேக் பிடித்த நொடியில் குழந்தையின் உடல் முன்னே சென்று நின்றது. தாயின் கை அங்கேதான் இருந்தது. ஆனால் கைக்கு எந்த வேலையும் வரவில்லை. நிறுத்தியது வார். குழந்தை அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

இந்தச் சிறு அனுபவத்திலிருந்து பெரிய கோரிக்கைகள் எழவில்லை. சில எளியவை எழுகின்றன. பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறையும் குழந்தையை முன்பதிவுப் பக்கங்கள் தாமே அடையாளம் கண்டு, ஒரே பிஎன்ஆரில் இரு கட்டணங்களில் பதிவு செய்யலாம். கைக்குழந்தைக்கு விரும்பி இருக்கை வாங்குவோருக்கு ஒரே தெளிவான விதி இருக்கலாம். கப்பலுக்குச் சலுகை தரும் அரசு, தீவுக் குழந்தைகளின் விமான இருக்கைக்கும் அதைத் தர எண்ணலாம். பல்கலைக்கழகங்கள் தேர்வு நாளை மாற்றும்போது, பால்குடிப் பிள்ளையோடு கடல் கடந்து வரும் மாணவியின் செலவைத் தம் கணக்கில் ஏற்கலாம். அதுவரை, இரண்டு வயதை நெருங்கும் பிள்ளையோடு பறக்க நினைப்போர் போகும் நாளை மட்டும் பார்க்காமல் திரும்பும் நாளையும் நாள்காட்டியில் பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது. சந்தேகமிருந்தால் போகவும் வரவும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். தாயும் பிள்ளையும் மட்டும் எப்போதும் ஒரே எண்ணில் இருக்கட்டும்.

செலவுக் கணக்கை எழுதி வைக்கும் வழக்கம் அந்த மாணவிக்கு உண்டு. ஜனவரி மாதப் பக்கத்தில் வாய்மொழித் தேர்வு என்று தலைப்பிட்டு, 18ஆம் தேதிக்கு நேரே பயணி ஒருவர் என்றும், 23ஆம் தேதிக்கு நேரே பயணிகள் இருவர் என்றும் எழுதினார். பிறகு முதல் வரியை அடித்து, அங்கும் இருவர் என்று திருத்தினார்.